குதிரைகளிடம் பாடம் கற்ற மேதை

தொண்டை அடைப்பான் நோய் பிஞ்சுக் குழந்தைகளின் மூச்சை அடைத்துக் கொன்ற காலம் ஒன்று இருந்தது. அதை அடக்க வழி கண்டவர்களுள் ஒருவர் காஸ்தோன் ரமோன். 1886-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர், கால்நடை மருத்துவர். பாரிசுக்கு அருகே பாஸ்டர் நிலையத்தின் கிளையில், குதிரைகளுக்கு நோய் நஞ்சை ஏற்றி, அவற்றின் இரத்தத்திலிருந்து மாற்று மருந்து எடுப்பது அவர் பணி. 1923-இல் ஃபார்மலினும் இளஞ்சூடும் கொண்டு நஞ்சின் கொடுமையை நீக்கித் தடுப்பு மருந்தாக்கினார்.

ஆனால் அம்மருந்தின் வீரியம் போதவில்லை. ஊசி போட்ட இடம் வீங்கிச் சீழ்பிடித்த குதிரைகளே மிகுந்த மாற்று மருந்தைத் தருவதை ரமோன் கவனித்தார். வீக்கமே துணை செய்கிறதோ? 1925-இல் மருந்தோடு மரவள்ளி ஜவ்வரிசியைக் கலந்து ஏற்றினார். ஆம், மன்னார்புரம் மளிகைக் கடைகளில் நாம் பாயசத்துக்கு வாங்கும் அதே பொருள்தான்! ரொட்டித் தூளைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. பலன் கிடைத்தது.

மறு ஆண்டு இங்கிலாந்தில் கிளென்னி என்பவர் படிகாரத்தைச் சேர்த்தார். அது மருந்தைப் பற்றிக்கொண்டு சிறிது சிறிதாக வெளிவிடுகிறது என்பது அவர் கருத்து. உடலின் காவல் அணுக்களையும் அது தட்டியெழுப்புவது பின்னர் தெரிந்தது. இப்போட்டியில் படிகாரமே வென்றது என்போம். குழந்தையின் தொடையில் சீழ்க்கட்டி எழும்ப எந்தத் தாய் சம்மதிப்பாள்?

நூற்றைம்பது முறைக்கு மேல் முன்மொழியப்பட்டும் நோபல் பரிசு பெறாமலே 1963-இல் ரமோன் மறைந்தார். பதினாறு வயதில் நமக்குப் போடப்படும் ரணஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பூசியில், அவர் முறைப்படி நஞ்சு நீக்கிய மருந்தும், துணைக்கு அலுமினிய உப்பும் சேர்ந்தே இருக்கின்றன.