மூங்கில் குச்சியால் நிலவை அளந்த பட்டாணி சாமந்தர்

– மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு



சர்வே கேம்ப் போய் வந்தவர்களுக்கு இது தெரியும். தியோடலைட்டைத் தோளில் சுமந்து, ட்ரைபாடை நிறுத்தி, பபிளை நடுவுக்குக் கொண்டுவந்து ஒரே ஒரு கோணத்தைப் படிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அப்புறமும் ரீடிங் தப்பு என்று திருப்பி அனுப்புவார்கள். அந்தக் கருவியும் இல்லாமல், காலேஜும் இல்லாமல், கையில் ஒரு மூங்கில் குச்சியை வைத்துக்கொண்டு நிலவின் ஓட்டத்தை அளந்த ஒரு மனிதர் நம் நாட்டில் இருந்தார். ஒடிசா மக்கள் அவரைப் பட்டாணி சாமந்தர் என்பார்கள். அவர் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

1835 டிசம்பர் 13 அன்று ஒடிசாவின் கண்டபடா என்ற சிறு சமஸ்தானத்தில் பிறந்தார். இயற்பெயர் சந்திரசேகர சிங். முன்பு பிறந்த குழந்தைகள் தங்காததால், இதுவாவது பிழைக்கட்டும் என்று ஒரு முஸ்லிம் பக்கீரிடம் பெயரளவுக்கு விற்று வாங்கினார்களாம். அதனால் வந்த செல்லப்பெயர் பட்டாணி. நம்ம ஊரில் பிச்சை, குப்பை என்று பெயர் வைப்பதில்லையா, அது மாதிரிதான்.

ராஜ குடும்பத்தைச் சேர்ந்தவர் என்றாலும் வசதி இல்லை. அவர் ஆங்கிலப் பள்ளிக்கூடம் போனதில்லை. தெரிந்த மொழிகள் ஒரியாவும் சமஸ்கிருதமும்தான். சிறு வயதில் உறவினர் ஒருவர் நட்சத்திரங்களைக் காட்டிக் கொடுத்தார். வீட்டில் இருந்த சுவடிகளைப் படித்துக் கணிதத்தையும் வானியலையும் தானே கற்றுக்கொண்டார்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. பதினைந்து வயதை ஒட்டி, சுவடியில் உள்ள முறைப்படி கிரகங்களின் இடத்தைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். கணக்கு ஓரிடம் சொல்லியது, கிரகம் வேறோர் இடத்தில் இருந்தது. மறுபடி போட்டார். கணக்கில் பிழை இல்லை. அப்படியானால் தப்பு எங்கே? சாஸ்திரத்திலா, தன் கண்ணிலா? பையன் இரண்டையும் உடனே நம்பவில்லை. அளந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்.

அளப்பதற்குக் கருவி வேண்டுமே! தானே செய்தார். அவர் அதிகம் பயன்படுத்தியது மான யந்திரம். செய்முறை ரொம்ப எளிது. இருபத்து நான்கு விரல் நீளம், அதாவது ஒரு முழம் உள்ள குச்சி ஒன்று. அதன் முனையில் செங்குத்தாக இன்னொரு குச்சி, ஆங்கில 'டி' எழுத்துப் போல. குறுக்குக் குச்சியில் வெட்டுகளும் துளைகளும். குச்சியின் மறுமுனையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால், நட்சத்திரம் எந்தத் துளையில் தெரிகிறதோ அதுதான் கோணம். துளைகளின் இடைவெளி எப்படி வந்தது? முதல் வருஷக் கணக்கில் நாம் பயந்து நடுங்கிய 'டேன் தீட்டா'தான்! 45 பாகைக்கு டேன் மதிப்பு 1 என்பதால் நடுவிலிருந்து 24 விரல் தள்ளித் துளை. அரை பாகைக்கு வெறும் 0.21 விரல், அதாவது விரலின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. முழு நிலவின் அகலமும் ஏறக்குறைய அதே அரை பாகைதான். எவ்வளவு நுணுக்கமாகக் கத்தி பிடித்திருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

அரை பாகை தப்பினால் என்ன குடி முழுகிப் போய்விடும் என்று கேட்கலாம். இங்கேதான் நிலவைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிலவின் ஒரு பாதி எப்போதும் வெயிலில்தான் இருக்கிறது. பூமியைச் சுற்றி வரும்போது அந்த ஒளிப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் பிறை. பிறை தேய்வது பூமியின் நிழலால் என்று நம்மில் பலபேர் நினைக்கிறோம். அது தவறு. பூமி நிழல் நிலவின் மேல் விழுவது சந்திர கிரகணத்தன்று மட்டுமே. நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் நிலவு 27.3 நாளில் ஒரு சுற்று முடிக்கிறது. அதற்குள் சூரியனும் வானத்தில் நகர்ந்துவிடுவதால், எட்டிப் பிடித்து அடுத்த அமாவாசை வர 29.5 நாள் ஆகிறது.

அப்படியென்றால் ஒவ்வொரு அமாவாசைக்கும் சூரிய கிரகணமும், ஒவ்வொரு பௌர்ணமிக்கும் சந்திர கிரகணமும் வர வேண்டுமே? வராததற்குக் காரணம் நிலவின் பாதை சூரியனின் பாதைக்குச் சற்றுச் சாய்ந்திருப்பது. இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளைத்தான் ராகு, கேது என்றார்கள். அந்தப் புள்ளிகளின் அருகே அமாவாசையோ பௌர்ணமியோ விழுந்தால்தான் கிரகணம்.

இப்போது அரை பாகைக்கு வருவோம். நிலவு சூரியனை விட ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய அரை பாகை முந்துகிறது. ஆகவே நிலவின் இடத்தில் அரை பாகை தப்பினால் கிரகண நேரம் ஒரு மணி தப்பிவிடும். பஞ்சாங்கத்தை நம்பி ஸ்நானத்துக்கும் விரதத்துக்கும் கோயில் சடங்குக்கும் காத்திருக்கும் ஜனங்கள் வானத்தைப் பார்த்து ஏமாந்து நிற்பார்கள். சாமந்தரை உறுத்தியது இதுதான்.

ராத்திரி ராத்திரியாக விழித்து அளந்தார். பாதையின் சாய்வு 4 பாகை 30 கலை என்றது சூரிய சித்தாந்தம். சாமந்தர் கண்டது 5 பாகை 9 கலை. இன்றைய மதிப்பும் ஏறக்குறைய அதேதான்! அடேயப்பா!

அதோடு விடவில்லை. நிலவு சீரான வேகத்தில் ஓடுவதில்லை, அதில் பல ஏற்ற இறக்கங்கள் உண்டு. அவற்றில் மூன்றைத் தானே கண்டுபிடித்து துங்காந்தரம், பாக்ஷிகம், திகம்சம் என்று பெயர் வைத்தார். இதில் பாக்ஷிகம் பிறையோடு சேர்ந்தது. அமாவாசை, பௌர்ணமி, அரைநிலவு நாட்களில் அது பூஜ்யம். இடைப்பட்ட நாட்களில் நிலவு தன் கணக்கை விட முந்தியோ பிந்தியோ நிற்கும். அதிகபட்சம் 38 கலை என்று அவர் கண்டார். இன்றைய அளவு 39 கலையைச் சற்றுத் தாண்டும்.

இந்த முடிவுகளையெல்லாம் சேர்த்து, 1869 வாக்கில் சித்தாந்த தர்ப்பணம் என்ற நூலைச் சமஸ்கிருதத்தில் முடித்தார். சுமார் 2,500 சுலோகங்கள், எல்லாம் பனை ஓலையில். ஆனால் அது அச்சேறியது 1899-ல்தான். முப்பது வருஷம்! கட்டாக் ராவென்ஷா கல்லூரிப் பேராசிரியர் யோகேஷ் சந்திர ராய் அவரைத் தேடிக் கண்டு, நீண்ட ஆங்கில முன்னுரை எழுதி, கல்கத்தாவில் அச்சிட வைத்தார். அதே வருஷம் இங்கிலாந்தின் நேச்சர் இதழ் அந்த நூலைப் பற்றி எழுதியது. டென்மார்க்கின் டைக்கோ பிராஹேயோடு சாமந்தரை ஒப்பிட்டார்கள். அதற்கு முன்பே 1893-ல் ஆங்கிலேய அரசு மகாமகோபாத்தியாய பட்டம் தந்திருந்தது. பூரி ஜகந்நாதர் கோயில் சடங்குகளுக்கு அவர் கணக்கு ஏற்கப்பட்டது. 1904-ல் பூரியில் காலமானார்.

ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிரகங்கள் சூரியனைச் சுற்றுகின்றன என்று சரியாகக் கண்ட அவர், அந்தச் சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்றே கடைசி வரை நம்பினார். நிலவின் அந்த மூன்று ஏற்ற இறக்கங்களும் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தவை. ஒரு புத்தகம் கைக்கு வந்திருந்தால் அவர் உழைப்பு அதற்கு மேலே தொடங்கியிருக்கும். அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

நண்பர்களே, வெறும் டிப்ளமாதானே என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது நாமும் தலை குனிந்திருக்கிறோம். சாமந்தருக்கு அந்த டிப்ளமாவும் கிடையாது. நமக்கு லைப்ரரி இருக்கிறது, லேப் இருக்கிறது, கேட்டால் சொல்லித்தர ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவருக்குக் கிடைக்காதது எல்லாம் நம் கையில். அவரிடம் இருந்து நம்மிடம் இல்லாதது ஒன்றுதான்: கணக்கும் கண்ணும் ஒத்துப்போகாதபோது ரீடிங்கைத் திருத்தி எழுதாமல், மறுபடி அளந்து பார்க்கும் பிடிவாதம். அடுத்த முறை பக்கத்து பேட்ச் நோட்டைப் பார்த்து ரீடிங் போடக் கை போகும்போது, அந்த மூங்கில் குச்சியைக் கொஞ்சம் நினைத்துக்கொள்வோமா?