அசையாத வலது கால்

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரப் பள்ளித் திடல்களில் சாப்ட்பால் பயிற்சி நடக்கும்போது ஒரு காட்சியைக் காணலாம். மட்டையைப் புதிதாகக் கையில் எடுத்த மாணவர், பந்து வேகமாக வரும்போது தம்மை அறியாமலே காலை ஒருபுறம் விலக்கிக்கொள்வார். கால் விலகினால் உடலும் விலகும். உடல் விலகினால் மட்டை பந்தை எட்டாது. இக்குறையைப் போக்கப் பயிற்றுநர்கள் குதிகாலுக்குப் பின்னால் ஒரு கட்டையை வைத்துப் பழக்குவதுண்டு. கால் கட்டையில் இடித்தால் தவறு உடனே தெரிந்துவிடும்.

பேஸ்பாலோ சாப்ட்பாலோ கிரிக்கெட்டோ, மட்டை பிடிக்கக் கற்போர் பலரிடமும் இக்குறை உண்டு. இதே குறையோடு கிரிக்கெட் ஆடத் தொடங்கிய ஓர் இளைஞர், பிற்காலத்தில் உலகின் தலைசிறந்த மட்டையாளர்களுள் ஒருவராக விளங்கினார். அவர்தான் குமார் ஸ்ரீ ரஞ்சித்சிங்ஜி. கிரிக்கெட் உலகம் அவரைச் சுருக்கமாக ரஞ்சி என்று அழைத்தது.

ரஞ்சி 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், இன்றைய குஜராத் மாநிலத்தில் உள்ள சரோதர் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் நவாநகர் அரச குடும்பத்தின் ஒரு கிளையைச் சேர்ந்தவர். நவாநகர் மன்னர் அவரைச் சிறுவயதில் தம் வாரிசாகத் தேர்ந்தெடுத்தார். தமக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்ததும் அம்முடிவைக் கைவிட்டார். ராஜ்கோட்டில் இளவரசர்களுக்கென நடந்த ராஜ்குமார் கல்லூரியில் ரஞ்சி பயின்றார். அங்கேதான் முதன்முதலாகக் கிரிக்கெட் மட்டையைப் பிடித்தார். 1888ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார்.

இங்கிலாந்தில் அவருடைய ஆட்டம் எடுபடவில்லை. அங்குள்ள பந்து வீச்சின் வேகம் அவருக்குப் புதிது. ஏறக்குறைய 160 கிராம் எடையுள்ள கடினமான பந்து, 20 மீட்டர் தொலைவைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்து வரும். அக்காலத்தில் தலைக்கவசமும் கிடையாது. பந்து உடலை நோக்கி வந்தபோதெல்லாம் அவருடைய வலது கால் பின்வாங்கியது.

கேம்பிரிட்ஜில் டேனியல் ஹேவார்ட் என்னும் பயிற்றுநர் இருந்தார். அவருடைய மேற்பார்வையில் நடந்த பயிற்சி விந்தையானது. ரஞ்சியின் வலது காலைத் தரையோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். இடது காலை முன்னே வைக்கலாம், உடலை வளைக்கலாம், ஆனால், வலது காலை மட்டும் எடுக்க முடியாது. அந்நிலையில் வேகப்பந்து வீச்சாளர்கள் அவரை நோக்கிப் பந்து வீசினார்கள். பந்து படும் என்று தெரிந்தும் அசையாமல் நிற்பதற்கு எவ்வளவு மனவுறுதி வேண்டும்!

அச்சத்தை ஒடுக்குவதற்காகச் செய்த இந்தப் பயிற்சி, எவரும் எதிர்பாராத வேறொன்றையும் தந்தது. கால் கட்டப்பட்டிருந்ததால், கால்களை நோக்கி வரும் பந்துக்கு ரஞ்சி வேறு வழி தேட வேண்டியிருந்தது. பந்து தம்மை நெருங்கும்வரை காத்திருந்து, கடைசி நொடியில் மணிக்கட்டை மெல்லத் திருப்பினார். மட்டையின் முகம் சற்றே சாய்ந்தது. பந்து தன் வேகத்தாலேயே இடப்பக்கமாகத் திரும்பி, அவருக்குப் பின்னால் எல்லைக்கோட்டை நோக்கி ஓடியது. அந்த அடிக்கு ஓங்கி வீசும் வலிமை தேவைப்படவில்லை. பந்தின் வேகத்தையே அவர் பயன்படுத்திக்கொண்டார். இன்று ‘லெக் கிளான்ஸ்’ என வழங்கும் அந்த அடியை உலகப் புகழ்பெறச் செய்தவர் ரஞ்சியே.

பயிற்சிக்காக அவர் நேரத்தையும் பணத்தையும் தாராளமாகச் செலவிட்டார். தொழில்முறைப் பந்து வீச்சாளர்களுக்குக் கூலி கொடுத்து, ஒருவர் மாற்றி ஒருவராகத் தமக்குப் பந்து வீசச் செய்தார். அளவுக்கு மீறிப் பயிற்சி செய்வதாக அணித் தலைவர் ஜாக்சன் எச்சரித்தபோது, அரைமணி நேரம் நன்றாக ஆட முடிகிறது, நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கத்தான் இன்னும் கற்க வேண்டும் என்ற கருத்தில் ரஞ்சி விடையளித்ததாகக் கூறுவர்.

ஆனால், திறமை வளர்ந்தவுடன் கதவு திறந்துவிடவில்லை. 1892ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் அணியில் அவருக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. இந்தியர் ஒருவரால் இந்த ஆட்டத்தில் சிறந்து விளங்க முடியுமா என்னும் ஐயம் அப்போது பலருக்கு இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் இந்தியாவுக்குச் சென்று விளையாடிய ஜாக்சன், திரும்பி வந்தபின் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். 1893ஆம் ஆண்டு ரஞ்சி அணியில் சேர்க்கப்பட்டார்.

1896ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்கு வந்தது. லார்ட்ஸ் திடலில் நடந்த முதல் டெஸ்ட் ஆட்டத்திற்கு ரஞ்சி தேர்ந்தெடுக்கப்படவில்லை. அக்காலத்தில் ஆட்டம் நடைபெறும் திடலின் நிருவாகமே அணியைத் தேர்ந்தெடுத்தது. ஆகவே, மான்செஸ்டரில் நடந்த இரண்டாவது ஆட்டத்திற்கு வேறு குழுவினர் அவரை அழைத்தனர். ஆஸ்திரேலியர்களுக்கு மறுப்பு இல்லை என்பது தெரிந்த பிறகே ரஞ்சி இசைந்தார். ஜூலை 16ஆம் நாள் அவர் இங்கிலாந்து அணிக்காகக் களமிறங்கினார். முதல் இன்னிங்ஸில் 62 ஓட்டங்கள். இரண்டாம் இன்னிங்ஸில், மற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக வெளியேறிய நிலையிலும் ஆட்டமிழக்காமல் 154 ஓட்டங்கள். அவற்றுள் 113 ஓட்டங்களைக் கடைசி நாளின் உணவு இடைவேளைக்கு முன்பே எடுத்திருந்தார். இங்கிலாந்து அந்த ஆட்டத்தில் தோற்றது. எனினும், டெஸ்ட் ஆட்டத்தில் விளையாடிய முதல் இந்தியர் என்னும் பெயர் ரஞ்சிக்கு நிலைத்தது.

அதன்பின் ஓட்டங்கள் குவிந்தன. 1897ஆம் ஆண்டு சிட்னியில், தொண்டை நோயால் மெலிந்திருந்தபோதே 175 ஓட்டங்கள் எடுத்தார். 1899ஆம் ஆண்டு ஒரே பருவத்தில் 3,159 ஓட்டங்கள் எடுத்து, 3,000 ஓட்டங்களைத் தாண்டிய முதல் ஆட்டக்காரரானார். ஆங்கிலேய எழுத்தாளர்கள் அவருடைய ஆட்டத்தைக் கீழைநாட்டு மாயவித்தை என்று வியந்தனர். இந்தப் புகழுரை ஒருவகையில் அவருக்கு இழைத்த அநீதிதான். கட்டப்பட்ட காலோடு அவர் நின்ற நேரம் அதில் மறைந்துபோகிறது.

1907ஆம் ஆண்டு, அவர் ஒருமுறை இழந்த நவாநகர் அரியணை அவருக்கே வந்தது. அவருடைய ஆட்சி குறித்து இருவேறு கருத்துகள் உள்ளன. இந்தியக் கிரிக்கெட்டுக்கு அவர் போதிய துணை புரியவில்லை என்னும் குறையும் உண்டு. அது புறந்தள்ளக்கூடிய குறையன்று.

1915ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பறவை வேட்டையின்போது நேர்ந்த விபத்தில் ரஞ்சி தம் வலது கண்ணை இழந்தார். ஒரு கண்ணால் பந்தின் தொலைவைக் கணிப்பது கடினம். ஆயினும், 1920ஆம் ஆண்டு, 47ஆம் வயதில், சசெக்ஸ் அணிக்காக மீண்டும் மட்டை பிடித்தார். மூன்று ஆட்டங்களில் மிகச் சில ஓட்டங்களே கிடைத்தன.

இந்தியா தனது முதல் டெஸ்ட் ஆட்டத்தை 1932ஆம் ஆண்டு ஜூன் மாதம் லார்ட்ஸ் திடலில் ஆடியது. அந்த அணியில் கோலாலம்பூரில் பிறந்த லால் சிங்கும் இருந்தார். முதல் இன்னிங்ஸில் 15, இரண்டாம் இன்னிங்ஸில் 29 ஓட்டங்கள் எடுத்த அவர், களத்தடுப்பில் காட்டிய சுறுசுறுப்பால் பெரிதும் பேசப்பட்டார். மறு ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் ரஞ்சி காலமானார்.

அவர் பெயரால் இந்தியாவில் ரஞ்சிக் கிண்ணப் போட்டி தொடங்கப்பட்டது. அதன் முதல் ஆட்டம் 1934ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் சென்னைச் சேப்பாக்கம் திடலில் மதராஸ், மைசூர் அணிகளுக்கிடையே நடைபெற்றது. முதல் பந்தை எம். ஜே. கோபாலன் வீசினார். ஆட்டம் அன்று மாலைக்குள் முடிந்துவிட்டது, மதராஸ் வென்றது.