குழந்தையின் குடலைப் படித்த டாக்டர்: தியோடர் எஷெரிக்

உங்க காலேஜ்ல பயோடெக் படிக்கிற நண்பர் யாரையாவது பிடிச்சு, லேபில் அதிகமா வளர்க்கிற பாக்டீரியா எதுன்னு கேட்டுப் பாருங்க. யோசிக்காமல் ஈ.கோலை என்பார். எஷெரிக்கியா கோலை என்பது அதன் முழுப்பெயர். அந்தப் பெயருக்குள் ஒரு குழந்தை மருத்துவர் இருக்கிறார். பால் மட்டுமே குடிக்கும் ஒரு பச்சைக் குழந்தையின் குடலுக்குள் என்னதான் நடக்கிறது என்று தேடிப் போனபோதுதான் அவர் கண்ணில் இந்தப் பாக்டீரியா பட்டது.

தியோடர் எஷெரிக் 1857 நவம்பர் 29 அன்று ஜெர்மனியின் பவேரியா பகுதியில், ஆன்ஸ்பாக் என்ற ஊரில் பிறந்தார். அப்பா மருத்துவர். ஐந்து வயதிலேயே அம்மாவை இழந்தார். பல ஊர்ப் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் படித்து 1881-ல் தேர்ச்சி பெற்றார்.

அது எப்படிப்பட்ட காலம்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அன்றைய பவேரியாவில் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று, முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறந்துபோனது. பெரிய காரணம் வயிற்றுப்போக்கு. கோடைக்காலத்தில் சாவு இன்னும் கூடும். தாய்ப்பால் கிடைக்காமல் மாட்டுப்பாலிலும் கஞ்சியிலும் வளர்ந்த குழந்தைகள்தான் அதிகம் செத்தன. ஏன்னு சொல்ல யாரிடமும் சரியான பதில் இல்லை.

அப்போது ராபர்ட் காக் காசநோய்க் கிருமியையும் காலராக் கிருமியையும் கண்டுபிடித்திருந்தார். எல்லாரும் நோயாளியின் உடலில் கிருமியைத் தேடி ஓடிக்கொண்டிருந்தார்கள். எஷெரிக்கும் 1884-ல் காலரா பரவிய நேப்பிள்ஸ் நகருக்குப் போய் ஆய்வு செய்தவர்தான். ஆனால் மியூனிக் திரும்பியதும் அவர் எடுத்த முடிவு வித்தியாசமானது. நோயுற்ற குடலைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், முதலில் ஆரோக்கியமான குடலில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். நம்ம பாஷையில் சொன்னா, பழுது பார்க்கும் முன் நார்மல் ரீடிங் எடுப்பது!

பாக்டீரியாக்களைக் கலப்பில்லாமல் தனித்தனியாக வளர்க்கும் முறையைக் காக்கின் மாணவர் ஒருவரிடம் கற்றுக்கொண்டார். பிறகு குழந்தைகளின் மலத்தை நாள்தோறும் சோதித்தார். கேட்க அருவருப்பா இருக்கலாம். அதில் கிடைத்தது புதையல். பிறந்தவுடன் குழந்தை கழிக்கும் கரும்பச்சை மலத்தில் அவர் கிருமி எதையும் காணவில்லை. சில மணி நேரங்களிலேயே கிருமிகள் வந்து சேர்ந்தன. பால் உள்ளே போகத் தொடங்கியதும் அந்தக் கூட்டமே மாறியது. குழந்தை என்ன குடிக்கிறதோ அதுதான் குடலில் யார் வாழ்வது என்பதைத் தீர்மானிக்கிறது என்பது அவருக்குப் புலப்பட்டது. 1885 ஜூலை 14 அன்று மியூனிக்கில் இதைப் பற்றி உரையாற்றினார். பின்னாளில் அவர் பெயரைப் பெறப்போகும் பாக்டீரியாவும் அந்த உரையில்தான் அறிமுகமானது. அடுத்த ஆண்டு அந்த ஆய்வு முழுப் புத்தகமாக வந்தது. அப்போது அவருக்கு வயது 28.

1890-ல் கிராட்ஸ் நகருக்குப் போனவர், 1902-ல் வியன்னாவில் குழந்தை மருத்துவப் பேராசிரியரானார். அந்த ஆண்டுகளில்தான் ஒரு பெரிய அடி விழுந்தது. அவருடைய ஒரே மகன், பத்து வயதில் குடல்வால் அழற்சியால் இறந்துபோனான். எத்தனையோ குழந்தைகளின் குடலை ஆராய்ந்தவரால் தன் பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆனாலும் அவர் ஓயவில்லை. பச்சைக் குழந்தைகளின் பாதுகாப்புக்காக 1903-ல் ஒரு சங்கம் தொடங்கி, தாய்ப்பால் கொடுக்கச் சொல்லித் தீவிரமாகப் பிரசாரம் செய்தார். லேபில் கண்டதை வீடுகளுக்குக் கொண்டுபோகும் வேலை அது. 1911 பிப்ரவரி 15 அன்று, 53 வயதில் காலமானார்.

அவர் பெயர் பாக்டீரியாவுக்கு வந்தது 1919-ல். வைத்தவர்கள் காஸ்டெல்லானி, சால்மர்ஸ் என்ற இருவர். இரண்டு பேருமே கொழும்பில் பணியாற்றியவர்கள்!

ஒரு விஷயம் பாருங்க. தாய்ப்பால் குழந்தையின் குடலில் பெரும்பாலும் மெஜாரிட்டி ஈ.கோலை கிடையாது. 1899 வாக்கில் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஹென்ரி திசியே கண்டறிந்த பிஃபிடோபாக்டீரியாதான். அவை காற்றுப் பட்டால் வளராதவை. எஷெரிக் காலத்து முறைகளில் எளிதில் சிக்காதவை. கருவி எதைப் பார்க்குமோ அதைத்தான் நாமும் பார்க்கிறோம். இன்ஜினியரிங் மாணவர்கள் மறக்கக் கூடாத பாடம் இது.

அந்த பிஃபிடோபாக்டீரியா ஏன் தாய்ப்பாலைத் தேடி வருகிறது? இதற்கு விடை 1950களில் பால் கியோர்கி, ரிச்சர்ட் கூன் ஆகியோரின் ஆய்வுகளில் தெளிவானது. தாய்ப்பாலில் லாக்டோஸ் தவிர, ஒலிகோசாக்கரைடு எனப்படும் சிக்கலான சர்க்கரைகள் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளில் உள்ளன. ஒரு லிட்டருக்குச் சுமார் 5 முதல் 15 கிராம். மாட்டுப்பாலில் இவை மிகக் குறைவு. வேடிக்கை என்னன்னா, குழந்தையால் இவற்றைச் செரிக்கவே முடியாது. அப்புறம் அம்மாவின் உடல் ஏன் மெனக்கெட்டு இதைத் தயாரிக்கிறது? பிஃபிடோபாக்டீரியாவுக்குச் சாப்பாடு போடத்தான்! அவை இந்தச் சர்க்கரையைத் தின்று அமிலத்தைச் சுரக்கின்றன. அந்த அமிலத்தில் பல கெட்ட கிருமிகள் தழைப்பதில்லை. இன்னொரு வேலையும் உண்டு. சில நோய்க்கிருமிகள் குடல் சுவரில் ஒட்டுவதற்குப் பதிலாக, அதே மாதிரி வடிவம் கொண்ட இந்தச் சர்க்கரையில் ஏமாந்து ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடுகின்றன.

இன்று குழந்தைகளுக்கான பால்பவுடர் சிலவற்றில் இந்தச் சர்க்கரைகளில் சிலவற்றைச் சேர்க்கிறார்கள். அதைத் தொழிற்சாலையில் தயாரிக்க உதவுவது எது தெரியுமா? மரபணு மாற்றிய ஈ.கோலை! எஷெரிக்கின் பெயரைச் சுமக்கும் பாக்டீரியாவே, அவர் விடை தேடிய கேள்விக்கு வேலை செய்கிறது. ஆனாலும் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளில் சிலதான் நம் கைக்கு வந்திருக்கின்றன. அம்மாவின் ஃபார்முலாவை முழுசா காப்பி அடிக்க இன்னும் யாராலும் முடியல. மிச்சம் இருக்கும் வேலையில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கலாம், யோசிங்க.