பொட்டுக்கட்டு வழக்கை ஒழித்த மருத்துவ அம்மையார்

லூனாஸ் வட்டாரத்து ஆலயத் திருவிழா மேடைகளில் சிறுமியர் சலங்கை கட்டிப் பரதம் ஆடுகையில், பெற்றோர் பெருமிதத்தோடு முன்வரிசையில் அமர்ந்திருப்பர். ஒரு நூற்றாண்டுக்கு முன் தமிழகத்தில், அந்த ஆடலுக்கு உரியவராயிருந்த குலப் பெண்களுக்கு இத்தகைய மதிப்புக் கிட்டவில்லை. அக்குலத்து அன்னை சந்திரம்மாளுக்கும் கல்லூரி முதல்வர் நாராயணசாமி ஐயருக்கும் மகளாக, 1886 ஜூலை 30-இல் புதுக்கோட்டையில் தோன்றியவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

ஆடவர் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் அரசரின் ஆதரவால் இடம்பெற்ற அம்மையார், 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

1926-இல் சென்னைச் சட்டமன்ற மேலவைக்கு நியமனம் பெற்று, அதன் துணைத்தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கு அவர் கையிலெடுத்தது, இளஞ்சிறுமியரை ஆலயத்திற்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம். இதன் வேர் பக்தியில் மட்டுமன்று, நிலத்திலும் இருந்தது. ஆலயப் பணிக்கென அளிக்கப்பட்ட மானிய நிலத்தை இழக்க அஞ்சிய குடும்பங்கள், தலைமுறைதோறும் ஒரு பெண்ணைப் பொட்டுக்கட்டி வந்தன. இதனை நுட்பமாக உணர்ந்த அம்மையார், அந்நிலம் அப்பெண்களுக்கே உரிமையாகவும், ஆலயப் பணி என்னும் கட்டு நீங்கவும் வழிசெய்யும் திருத்தச் சட்டத்தை 1929-இல் நிறைவேற்றச் செய்தார். நோயின் மூலத்தை நாடிய மருத்துவரின் செயல் இது எனலாம்.

எதிர்ப்புக்கும் குறைவில்லை. சமயத்தில் அரசு தலையிடுவதா என்றனர் சிலர்; கலை அழியும் என்றனர் வேறு சிலர். தங்கள் வாழ்வுரிமை பறிபோகுமென அக்குலப் பெண்களிலும் ஒரு சாரார் முறையிட்டனர். அவர்கள் அச்சத்தைப் பொருளற்றதென ஒதுக்கிவிட முடியாது. பொட்டுக்கட்டுதலையே தடை செய்யும் மசோதாவை அம்மையார் கொணர்ந்தார். ஆயினும் 1930-இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து, மேலவைப் பதவியைத் துறந்து வெளியேறினார். முழுத் தடைச் சட்டம் 1947-இல்தான் நிறைவேறியது.

அவ்விடைவெளியில், புகலிடம் தேடி வந்த அக்குலச் சிறுமியர் சிலருக்குத் தம் இல்லத்திலேயே இடமளித்தார். அதிலிருந்து வளர்ந்ததே ஔவை இல்லம். சென்னை மாநகராட்சியிலும் அகில இந்திய மாதர் சங்கத்திலும் அவர் பணி தொடர்ந்தது.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1954-இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 1956-இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968 ஜூலை 22-இல் மறைந்தார். அம்மருத்துவமனையை அவருடைய மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வளர்த்தெடுத்தனர்.