கைதட்டல் கிடைக்காத குத்துச்சண்டை சாம்பியன்

1950-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி இரவு. நியூயார்க் நகரில் யாங்கி ஸ்டேடியத்தில் குத்துச்சண்டை நடந்தது. 15 சுற்றுகள் முடிந்து கடைசி மணி அடித்தது. மத்தியஸ்தரும் இரண்டு நீதிபதிகளும் ஒரே ஆளுக்கே வெற்றியைக் கொடுத்தார்கள்.

ஜெயித்தவர் பெயர் எஸ்ஸர்ட் சார்லஸ். வயது 29.

தோற்றவர் ஜோ லூயிஸ்!

உலகம் முழுவதும் தெரிந்த பெயர் அது. 1937 முதல் 1949 வரை ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்தவர் ஜோ லூயிஸ். 25 தடவை பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டவர். அப்பேர்ப்பட்டவரைச் சார்லஸ் வென்றுவிட்டார். ரசிகர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஜனங்கள் தோற்றவரைப் பார்த்து மனம் கலங்கினார்கள். ஜெயித்தவரை மறந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

சார்லசுக்கே அந்த வெற்றி இனிக்கவில்லை. அவர் சிறுவனாக இருந்தபோது தெய்வம்போல நினைத்த வீரர் ஜோ லூயிஸ்தான்.

டாக்டரின் பெயர்

அமெரிக்காவின் தெற்கே ஜார்ஜியா மாகாணம். அங்கே லாரன்ஸ்வில் என்ற சிற்றூரில் 1921-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி சார்லஸ் பிறந்தார். கறுப்பர் குடும்பம். தகப்பனாருக்கு லாரி ஓட்டும் வேலை. பிரசவம் பார்த்த டாக்டருக்குக் கொடுக்கக் கையில் பணம் இல்லை. டாக்டரின் பெயர் எஸ்ஸர்ட். அந்தப் பெயரையே பிள்ளைக்கு வைத்து நன்றிக் கடனைத் தீர்த்துக்கொண்டார்கள்.

சில ஆண்டுகளில் தாயும் தந்தையும் பிரிந்தார்கள். சிறுவன் வடக்கே ஓஹையோ மாகாணத்துச் சின்சினாட்டி நகரத்துக்கு, பாட்டி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கே கொள்ளுப்பாட்டியும் இருந்தார். அந்த அம்மாள் அடிமையாகப் பிறந்தவர்.

கியூபா நாட்டு வீரர் கிட் சாக்லேட் ஒரு நாள் அந்தத் தெருவுக்குக் காரில் வந்தாராம். பளபளவென்று உடை. மொத்தம் எத்தனை உடுப்பு வைத்திருக்கிறீர்கள் என்று பையன்கள் கேட்டார்கள். 365 என்றார் கிட் சாக்லேட். வருஷத்தில் நாளைக்கு ஒன்று! கூட்டத்தில் நின்ற எஸ்ஸர்ட், தானும் குத்துச்சண்டைக்காரன் ஆவது என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டான். இந்தக் கதையை அவரே பிற்காலத்தில் சொல்வதுண்டு.

1939-ல் அமெச்சூர் போட்டியில் தேசிய மிடில்வெயிட் பட்டம் வாங்கினான். 1940-ல் பணத்துக்காகச் சண்டையிடும் தொழில் வீரன் ஆனான். அப்போது அவன் பள்ளி மாணவன்! பகலில் வகுப்பு. இரவில் மேடை.

அடி எங்கே பிறக்கிறது?

குத்து கையில் இருந்து வருவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். வெறும் கையால் குத்தினால் அது தட்டிக்கொடுப்பதுபோலத்தான் இருக்கும். பலம் பிறப்பது காலில். வலது கையால் குத்துகிறவன் முதலில் வலது குதிகாலைத் தூக்குகிறான். முன்பாதத்தைத் தரையில் அழுத்தித் திருப்புகிறான். அந்த வேகம் இடுப்புக்கு ஏறுகிறது. இடுப்பு திரும்புகிறது. தோள் திரும்புகிறது. கடைசியில்தான் கை பாய்கிறது. முஷ்டியை முதலிலேயே இறுக்கிவிட்டால் தோள் விறைத்துப்போகும். அடி விழுகிற அந்த நொடியில்தான் முஷ்டி இறுக வேண்டும். கோடரி பிடித்து விறகு பிளப்பவர்களுக்கு இந்த ரகசியம் யாரும் சொல்லாமலே தெரியும்.

சார்லஸ் இதை ஒரு கலையாகவே பழகியிருந்தார். அவருடைய இடது கை எதிராளியின் முகத்தை ஓயாமல் தொட்டுக்கொண்டே இருக்கும். தூரத்தை அளப்பதற்காக அப்படி. எதிராளி கோபம்கொண்டு தன் இடது கையை நீட்டுவான். சார்லஸ் தலையை ஓர் அங்குலம் நகர்த்துவார். நீட்டிய கை திரும்பி வருவதற்குள், அதற்கு மேலாக அவருடைய வலது கை போய்த் தாடையில் இறங்கிவிடும். காத்திருந்து கொத்துவதால் அவருக்குச் சின்சினாட்டி நாகப்பாம்பு என்று பெயர் வைத்தார்கள். வயிற்றில் அடித்து, எதிராளி கையைக் கீழே இறக்கியதும் முகத்தில் அடிப்பது அவருடைய இன்னொரு வித்தை.

1943-ல் ஜிம்மி பிவின்ஸ், லாயிட் மார்ஷல் இருவரிடமும் தோற்றார். பிறகு ராணுவத்தில் சேர்ந்தார். யுத்தம் முடிந்து திரும்பி வந்து 1946-ல் அந்த இருவரையும் வென்றார். ஆர்ச்சி மூர் என்ற மகா கெட்டிக்காரரை 1946, 1947, 1948 ஆகிய மூன்று வருஷமும் தோற்கடித்தார். அந்த ஆர்ச்சி மூர்தான் பிற்பாடு லைட் ஹெவிவெயிட் உலக சாம்பியன் ஆகிப் பல ஆண்டுகள் பட்டத்தை வைத்திருந்தவர்.

சார்லசுக்கு அந்தப் பட்டத்துக்காகச் சண்டையிட ஒரு தடவைகூட வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவரோடு மோதினால் பட்டம் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது!

சிகாகோவில் ஓர் இரவு

1948 பிப்ரவரி 20-ந் தேதி சிகாகோ நகரில் சாம் பருடி என்ற இளம் வீரரோடு சார்லஸ் மோதினார். கடைசிச் சுற்றான 10-வது சுற்றில் பருடி விழுந்தார். எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூளையில் ரத்தக் கசிவு. மறுநாள் பருடி இறந்துபோனார்.

சட்டப்படி சார்லஸ் மீது குற்றம் இல்லை. விதிகளை மீறி அவர் அடிக்கவில்லை. ஆனால் அவர் மனம் உடைந்துபோனார். இனிக் கையுறை மாட்டுவதே இல்லை என்று விலகிவிட நினைத்தார். வேண்டியவர்கள் எடுத்துச் சொன்ன பிறகே மீண்டும் மேடை ஏறினார்.

திரும்பி வந்தவர் பழைய சார்லஸ் அல்ல என்று அவரை அறிந்தவர்கள் சொன்னார்கள். எதிராளி தள்ளாடும்போது பாய்ந்து தீர்த்துக்கட்டுவது இந்தத் தொழிலின் வழக்கம். சார்லஸ் அந்த நேரத்தில் ஓர் அடி பின்னால் போவார். இடது கையால் தொட்டுக்கொண்டு, சுற்றுகளை எண்ணி ஜெயிப்பார். அதற்குப் பிறகும் அவர் பலரை மயங்கி விழச் செய்தார் என்பது உண்மைதான். ஆயினும் கூட்டம் எதிர்பார்த்த வெறி அவரிடம் இல்லை. டிக்கெட் வாங்கியவர்கள் முணுமுணுத்தார்கள். பயந்தவர் என்றும் ரசமில்லாதவர் என்றும் பத்திரிகைகள் எழுதின. ஒரு மனிதனின் உயிர் தன் கையால் போயிற்று என்ற நினைப்போடு மேடையில் நிற்பவரிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

ராஜாவுக்குப் பின்னால் வந்தவர்

1949 மார்ச்சில் ஜோ லூயிஸ் பட்டத்தை விட்டு ஓய்வு பெற்றார். காலியான இடத்துக்காக ஜூன் 22-ந் தேதி சார்லசும் ஜெர்சி ஜோ வால்காட்டும் சிகாகோவில் மோதினார்கள். 15 சுற்று ஆடிச் சார்லஸ் ஜெயித்தார். உலக சாம்பியன் என்ற பெயர் வந்தது. ஆனால் நியூயார்க் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஜோ லூயிசை வெல்லாதவன் என்ன சாம்பியன் என்று ஜனங்களும் கேட்டார்கள்.

அந்த ஜோ லூயிசே திரும்பி வந்தார். ஆசையால் அல்ல. சர்க்காருக்கு அவர் கட்ட வேண்டிய வருமான வரி மலைபோலக் குவிந்திருந்தது. பணத்துக்குச் சண்டைதான் வழி.

அவருக்கு வயது 36. எடை 218 ராத்தல். சார்லஸ் அவரைவிட 30 ராத்தலுக்கு மேல் இளைத்தவர். ஆனாலும் பந்தயம் கட்டியவர்கள் பெரும்பாலும் ஜோ லூயிஸ் பக்கமே கட்டினார்கள்.

ஜோ லூயிசின் பலம் அவருடைய இடது கை. சம்மட்டிபோல நேரே வரும் அந்தக் குத்து. தூர நின்றால் அது விழும். ஆகவே சார்லஸ் தூர நிற்கவில்லை. அந்தக் கைக்கு உள்ளே புகுந்தார். இரண்டு கைகளாலும் விலாவிலும் தாடையிலும் அடித்தார். ஜோ லூயிஸ் கையை மடக்கித் திருப்பி அடிப்பதற்குள் பக்கவாட்டில் நகர்ந்துவிட்டார். சுற்றுக்குச் சுற்று இதே கதைதான். கடைசியில் ஜோ லூயிசின் முகம் வீங்கிவிட்டது. ஒரு கண் மூடியேபோயிற்று. 14-வது சுற்றில் அவர் தள்ளாடினார். விழவில்லை.

குத்துச்சண்டையின் நுட்பம் தெரிந்தவர்கள் பாடம்போல எடுத்துச் சொல்ல வேண்டிய சண்டை அது. ஆனால் அன்றைக்கு ஜனங்கள் பார்த்தது ஒரு கிழட்டுச் சிங்கம் அடிபடுவதை மட்டும்தான். 1938-ல் ஜெர்மானியர் ஷ்மெலிங்கை முதல் சுற்றிலேயே வீழ்த்தி, அமெரிக்காவையே தலைநிமிர வைத்தவர் ஜோ லூயிஸ். அவரை அடித்தவனை எப்படி நேசிப்பது?

வால்காட் வைத்த கண்ணி

சார்லஸ் மொத்தம் எட்டுத் தடவை பட்டத்தைக் காப்பாற்றினார். 1951 ஜூலை 18-ந் தேதி பிட்ஸ்பர்க் நகரில் வால்காட்டை மூன்றாம் முறையாகச் சந்தித்தார். முன்பு இரண்டு தடவை வென்ற ஆள்தானே!

வால்காட் விநோதமான ஆள். சண்டை நடுவே வேலை முடிந்தவர்போலத் திரும்பி நடப்பார். தோளைக் குலுக்குவார். எதிராளி அசந்து நிற்கும்போது அடி வரும். 7-வது சுற்றில் அவர் சாவகாசமாக நடந்து சார்லசிடம் வந்தார். இடது கை கீழிருந்து மேலே சுழன்றது. அதிக தூரம்கூட வரவில்லை. தாடையில் பட்டது. சார்லஸ் முகம் குப்புற விழுந்தார். காலும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பினால் ஒரு சிறு குத்து என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. வால்காட்டுக்கு அப்போது வயது 37. அந்த வயதில் அதற்கு முன் யாரும் ஹெவிவெயிட் பட்டத்தைப் பிடித்ததில்லை.

மார்சியானோவின் மூக்கு

வேடிக்கை என்னவென்றால், சார்லசை ஜனங்கள் மெச்ச ஆரம்பித்தது அவர் தோற்ற பிறகுதான். 1954 ஜூன் 17-ந் தேதி ராக்கி மார்சியானோவோடு மோதினார். மார்சியானோ 49 சண்டையில் ஒன்றில்கூடத் தோற்காமல் ஓய்வு பெற்றவர். அவரோடு 15 சுற்றும் முழுதாக நின்ற ஒரே ஆள் சார்லஸ். 4-வது சுற்றிலேயே மார்சியானோவின் கண்ணுக்கு மேல் வெட்டுக் காயம். முதல் பாதியில் சார்லசின் கை ஓங்கி இருந்தது. பிற்பாதியில் மார்சியானோவின் பலம் மிஞ்சியது. கடைசியில் சார்லசின் முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. ஆனால் கால் மடங்கவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடி மோதினார்கள். இந்த முறை மார்சியானோவின் மூக்கு நுனி இரண்டாகப் பிளந்தது. ரத்தம் நிற்கவில்லை. சண்டையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் மார்சியானோ வெறிகொண்டு பாய்ந்தார். 8-வது சுற்றில் சார்லஸ் விழுந்தார்.

அதன்பின் இறக்கம்தான். 1959 வரை யார் யாரிடமோ தோற்றார். சேர்த்த பணம் கரைந்தது. மல்யுத்த மேடையில்கூட ஏறிப் பார்த்தார். பிறகு சிகாகோவில் ஏழைச் சிறுவர்களுக்கான நலப்பணியில் வேலை கிடைத்தது. சங்கீதத்தில் அவருக்குப் பிரியம் அதிகம். ஆள் உயரம் நிற்கும் பெரிய பிடிலை ஜாஸ் பாட்டுக்கு வாசிப்பார்.

அந்த விரல்களும் ஓய்ந்தன. தசைகளை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய் அவரைப் பிடித்தது. பேஸ்பால் வீரர் லூ கெரிக்கைக் கொண்டுபோன அதே நோய். முதலில் கால்கள் போயின. சக்கர நாற்காலி வந்தது. பிறகு கைகளும் பேச்சும் குன்றின. கடைசிக்காலச் சண்டைகளிலேயே அந்த நோய் உள்ளே தொடங்கியிருக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள்.

1968-ல் சிகாகோவில் அவருக்கு நிதி திரட்ட ஒரு விருந்து நடத்தினார்கள். நாற்காலியில் அமர்ந்திருந்த சார்லசைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் ராக்கி மார்சியானோ. சார்லஸ் பிளந்த மூக்கின் சொந்தக்காரர்! அடுத்த ஆண்டே விமான விபத்தில் மார்சியானோ மாண்டார். நோயாளி சார்லஸ் அவருக்குப் பின்னும் ஆறு ஆண்டுகள் உயிரோடு இருந்தார். 1975 மே 28-ந் தேதி சிகாகோவில், முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரியில் கண் மூடினார். வயது 53.

பெற்ற வெற்றிகள் 95. லைட் ஹெவிவெயிட் எடையில் உலகம் கண்ட சிறந்த வீரர் இவரே என்று சொல்லும் நிபுணர்கள் பலர். அந்த எடையில் அவர் பட்டமே வாங்கியதில்லை.

1976-ல் சின்சினாட்டி நகரம் ஒரு பெரிய சாலைக்கு எஸ்ஸர்ட் சார்லஸ் சாலை என்று பெயர் வைத்தது. பிரசவத்துக்குப் பணம் வாங்காத டாக்டரின் பெயரும் அதோடு சேர்ந்து பலகையில் ஏறியது. 2022-ல் அதே நகரத்தில், ஒரு பூங்காவில், அவருக்கு வெண்கலச் சிலை எழுப்பினார்கள்.