சிரில் பொன்னம்பெரும

சிரில் பொன்னம்பெரும (அக்டோபர் 16, 1923 - டிசம்பர் 20, 1994) இலங்கையில் பிறந்த வேதியியலாளர் ஆவார். உயிரின் தோற்றத்திற்கு அடிப்படையான வேதிவினைகளையும் விண்கற்களில் உள்ள கரிமச் சேர்மங்களையும் ஆராய்ந்தார்.

வாழ்க்கை

இலங்கையின் தென்பகுதியிலுள்ள காலி நகரில் பிறந்தார். 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியலில் இளங்கலைப் பட்டம் பெற்றார். பின்னர் வேதியியலுக்கு மாறி, 1959இல் இலண்டன் பிர்க்பெக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அங்கு ஜே. டி. பெர்னால் இவருக்கு உயிரின் தோற்றம் பற்றிய ஆய்வில் ஆர்வமூட்டினார். 1962இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற மெல்வின் கால்வினின் வழிகாட்டலில் முனைவர் பட்டம் பெற்றார்.

ஆய்வுகள்

நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் வேதிப் படிவளர்ச்சிப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். உயிரணுக்களின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி, புறஊதா ஒளியின் உதவியால் உருவாகக்கூடும் என்பதை 1963இல் ரூத் மரைனர், கார்ல் சேகன் ஆகியோருடன் இணைந்து காட்டினார். அப்பல்லோ விண்கலங்கள் கொணர்ந்த நிலவு மண்ணையும் இவரது குழு ஆராய்ந்தது. அதில் உயிரினத் தடயம் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 28, 1969 அன்று ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரருகே கரிமம் நிறைந்த விண்கல் ஒன்று வீழ்ந்தது. விண்கற்களில் கரிமச் சேர்மங்கள் இருப்பதாக முன்னரும் அறிவிக்கப்பட்டதுண்டு. ஆனால் மண்ணும் மனிதக் கை ரேகையும்கூட அமினோ அமிலங்களைக் கல்லில் சேர்க்கக்கூடும் என்பதால் அவை ஐயத்திற்கு உள்ளாயின. எனவே கீத் குவென்வோல்டன், பொன்னம்பெரும முதலியோர் வெடிப்பு குறைந்த உட்பகுதித் துண்டுகளைத் தேர்ந்தெடுத்து ஆராய்ந்து, 1970இல் முடிவுகளை வெளியிட்டனர்.

புவியின் உயிரினங்கள் தம் புரதங்களில் இடக்கை வடிவ அமினோ அமிலங்களையே பயன்படுத்துகின்றன. மர்ச்சிசன் கல்லிலோ இடக்கை, வலக்கை வடிவங்கள் ஏறத்தாழச் சம அளவில் இருந்தன. புரதங்களில் காணப்படாத அமினோ அமிலங்களும் இருந்தன. இவை புவியில் ஒட்டிக்கொண்டவை அல்ல, விண்வெளியில் உயிரின்றி உருவானவை என்பதற்கு இவ்விரண்டும் வலுவான சான்றுகளாயின.

மரபுப் பொருளின் ஐந்து காரங்களும் இக்கல்லில் உள்ளதாக 1983இல் பொன்னம்பெரும அறிவித்தார். 2022இல் யப்பானிய ஆய்வாளர் தலைமையிலான குழு, நுண்ணிய முறைகளால் ஐந்தையும் விண்கற்களில் கண்டறிந்தது. 2025இல் பெண்ணு சிறுகோளின் மாதிரிகளிலும் அவை இருப்பது அறிவிக்கப்பட்டது.

பிற்காலம்

1971 முதல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் வேதிப் படிவளர்ச்சி ஆய்வகத்தின் இயக்குநராகவும் பணியாற்றினார். 1980களில் கண்டியிலுள்ள அடிப்படை ஆய்வு நிறுவனத்தையும் வழிநடத்தினார். 1994இல் காலமானார்.