நோபிலியின் பூணூல் வாதம்: மதுரைத் திருச்சபைக்குள் சாதி நுழைந்த கதை

இராபர்ட் தெ நோபிலியைக் கிறித்தவ இறையியலாளர்கள் பண்பாட்டுமயமாதலின் முன்னோடி என்று போற்றுகின்றனர். தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதுவோர் அதன் தொடக்ககால ஆசிரியர்களுள் ஒருவராக அவரைக் கொள்கின்றனர். இவ்விரண்டையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும், அவருடைய வாழ்க்கையைச் சேரியின் பக்கம் நின்று வாசிக்கும்போது வேறொன்றும் புலப்படுகிறது. சாதி என்பது சமயம் சாராத குடிமை வழக்கம் என்னும் வாதத்தை வகுத்து, அதற்கு உரோமையின் ஒப்புதலையும் பெற்று, திருச்சபைக்குள் சாதிக்கு முறையான இருக்கை அளித்தவர் அவர். அவ்வாதத்தின் சுமையை நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் சுமப்பவர்கள் தலித் கிறித்தவர்கள்.

நோபிலி 1577இல் இத்தாலிய பிரபுக் குடும்பமொன்றில் பிறந்தார். மோந்தேபுல்சியானோ நகரைச் சேர்ந்த அக்குடும்பம் திருத்தந்தை மூன்றாம் ஜூலியஸுக்கும் கர்தினால் பெல்லார்மினுக்கும் உறவுடையது. குடும்பத்தாரின் விருப்பத்திற்கு மாறாகச் சேசு சபையில் சேர்ந்த அவர், 1605இல் கோவாவில் கரையிறங்கினார். சில காலம் முத்துக்குளித்துறையில் தங்கித் தமிழ் கற்றார். அக்கரையின் பரதவர்கள் 1530களிலேயே திருமுழுக்குப் பெற்றிருந்தனர். நோபிலி பிறந்த மறு ஆண்டில், 1578இல், கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ் நூல் இம்மக்களுக்காகவே அண்டிரிக்கு அடிகளாரால் ஆக்கப்பட்டது. ஆகவே, தமிழில் கிறித்தவம் பேசத் தொடங்கியது நோபிலியின் வருகைக்கு முன்பே. பேசியவர்கள் கடலோர உழைக்கும் மக்கள்.

1606 நவம்பரில் அவர் மதுரையை அடைந்தார். நாயக்கர்கள் ஆண்ட அந்நகரில் அரண்மனையின் மொழி தெலுங்கு. கடைவீதியின் மொழி தமிழ். சாத்திரம் பயில்வோரின் மொழி சமஸ்கிருதம். கடற்கரையிலிருந்து வந்து போவோரின் நாவில் போர்த்துக்கீசியம். நகரைச் சுற்றிய சமவெளி பாளையங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நாம் வாழும் பேரையூரும் அப்பாளையங்களுள் ஒன்று. நிலம் யாருக்கு, ஊழியம் யாருக்கு என்பதைச் சாதியே தீர்மானித்த அமைப்பு அது.

மதுரையில் அப்போது ஏற்கெனவே ஒரு சிறு கோவில் இருந்தது. முன்னாள் படைவீரரான கொன்சாலோ பெர்னாந்தசு என்னும் சேசு சபையினர் 1595 முதல் அங்கே பணியாற்றி வந்தார். அவருடைய சபையினர் பெரும்பாலும் வணிகத்தின் பொருட்டு வந்து தங்கிய பரதவர்களும் போர்த்துக்கீசியர்களுமே. பத்தாண்டுகள் கடந்தும் உள்ளூர் உயர்சாதியினர் ஒருவர்கூட அவரிடம் திருமுழுக்குப் பெறவில்லை. அதன் காரணத்தை நோபிலி ஆராய்ந்தார். மாட்டிறைச்சி உண்பவன், மது அருந்துபவன், யாரோடும் கலந்து பழகுபவன் என்ற பொருளிலேயே பரங்கி என்னும் சொல் அந்நகரில் வழங்கியது. பரங்கியின் வேதத்தில் சேர்வது பரங்கியின் சாதியில் சேர்வதாகவே கருதப்பட்டது.

இந்த இழிவை நோபிலி எதிர்கொண்ட விதமே அவருடைய வாழ்வின் திருப்பம். மாட்டிறைச்சி உண்பவரை இழிந்தோர் என்னும் கணிப்பை அவர் கேள்விக்குட்படுத்தவில்லை. தாம் அத்தகையவர் அல்லர் என்று நிறுவவே முயன்றார். முதலில் தம்மை உரோமைப் பிரபு குலத்தவர் என்று அறிவித்தார். பின்னர்க் காவியுடுத்தித் துறவியானார். புலால் விலக்கினார். பிராமணச் சமையற்காரரை அமர்த்திக்கொண்டார். சந்தனம் பூசி, பூணூலும் அணிந்தார். பெர்னாந்தசின் இல்லத்தை விட்டு நீங்கித் தனி வீட்டையும் தனிக் கோவிலையும் அமைத்துக்கொண்டார். தாம் பரங்கியர் அல்லர் என்று ஓலையில் எழுதிப் பொதுவில் அறிவிக்கவும் செய்தார். ஒரே சபையைச் சேர்ந்த இரு குருக்கள் ஒரே நகரில் பந்தி பிரித்து வாழ்ந்தனர். பரதவர் வழிபட்ட கோவிலுக்கும் தத்துவ போதகர் எனப் பெயர் கொண்ட நோபிலியின் கோவிலுக்கும் இடையே சாதியின் எல்லைக்கோடு விழுந்தது.

அவருடைய கல்வியுழைப்பைக் குறைத்து மதிப்பிட இயலாது. தமிழோடு தெலுங்கையும் கற்றார். சிவதர்மர் என்னும் தெலுங்குப் பிராமணரிடம் சமஸ்கிருதம் பயின்றார். பள்ளி ஆசிரியர் ஒருவரோடு நாள்கணக்கில் வாதிட்டு, இறுதியில் அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். முழு விவிலியத்தை அவர் மொழிபெயர்க்கவில்லை. தமிழில் புதிய ஏற்பாடு அச்சாவதற்கு 1715ஆம் ஆண்டின் தரங்கம்பாடியும் சீகன்பால்குவும் தேவைப்பட்டனர். நோபிலியின் வழி விளக்கவுரையின் வழி. 'ஞானோபதேசம்', 'ஆத்தும நிருணயம்', 'தூஷணத் திக்காரம்' முதலிய உரைநடை நூல்களில் அவர் கிறித்தவத்தின் அடிப்படைக் கருத்துகளை வடசொல் மிகுந்த தமிழில் எடுத்துரைத்தார். விவிலியம் அங்கே வேதமாயிற்று, போதிப்பவர் குருவானார். அயல்மொழிச் சொற்களை ஒலிபெயர்த்து வழங்கிய கடலோரக் கிறித்தவத்தினின்று இது வேறுபட்டது. ஆனால் வேதமும் குருவும் வெற்றுச் சொற்கள் அல்ல. யார் ஓதலாம், யார் கேட்கலாம், யார் எட்டி நிற்க வேண்டும் என்ற வரிசை அச்சொற்களுக்குள்ளேயே இருந்தது. சொல்லோடு அவ்வரிசையும் கோவிலுக்குள் நுழைந்தது.

1610இல் பெர்னாந்தசு மேலிடத்துக்கு முறையிட்டார். அவரும் சாதி ஒழிப்பாளர் அல்லர். நோபிலி புறச்சமயச் சடங்குகளைக் கைக்கொண்டார் என்பதே அவருடைய குற்றச்சாட்டு. இதற்கு நோபிலி இலத்தீனில் எழுதிய மறுமொழிகளைச் சட்டம் பயின்றவர்களாகிய நாம் ஒரு வழக்குரையாகவே வாசிக்கிறோம். பூணூலும் குடுமியும் சந்தனமும் நீராடலும் சமயச் சின்னங்களா, சமூகத் தகுதியின் அடையாளங்களா என்பதே வழக்கெழுவினா. அவை குடிமைச் சிறப்பைக் காட்டும் அடையாளங்களே என்று வடமொழி நூல்களின் துணைகொண்டு அவர் வாதிட்டார். உரோமையின் பிரபுக்கள் தத்தம் குலச் சின்னங்களோடு கிறித்தவர்களாக வாழும்போது, மதுரையின் பிராமணர் பூணூலோடு கிறித்தவராக வாழ்வதில் தடை என்ன என்பது அவ்வாதத்தின் சாரம். 1619இல் கோவாவில் கூடிய விசாரணை மன்றத்தில் பெரும்பான்மையோர் அவருக்கு எதிராக நின்றனர். வழக்கு உரோமைக்குச் சென்றது. 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, சமய நோக்கம் நீக்கப்பட்ட நிலையில் பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றுக்கு அனுமதி அளித்தார்.

அந்த ஆணையில் இன்னொரு பகுதியும் உண்டு. தாழ்நிலையில் உள்ளோரை உயர்நிலையினர் இகழலாகாது. குறிப்பாகக் கோவிலிலும், இறைவார்த்தை கேட்குமிடத்திலும், அருட்சாதனங்கள் பெறுமிடத்திலும் அவர்களை விலக்கி வைக்கலாகாது என்று திருத்தந்தை அதே ஆணையில் வலியுறுத்தினார். உயர்சாதியினருக்குச் சலுகை வழங்கிய பகுதி உடனே செயலுக்கு வந்தது. ஒடுக்கப்பட்டோரின் உரிமையைப் பேசிய பகுதி ஏட்டிலேயே தங்கிவிட்டது. தீண்டாமை ஒழிப்புச் சட்டங்களின் கதியை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

1623க்குப் பின் நோபிலி திருச்சிராப்பள்ளி, சேலம் பகுதிகளுக்கும் பயணம் செய்தார். மறைப்பணி விரிந்தபோது திருமுழுக்குக் கேட்டுத் திரளாக வந்தவர்கள் அவர் எதிர்பார்த்த பிராமணர்கள் அல்லர்; பறையர் முதலிய ஒடுக்கப்பட்ட மக்கள். பிராமணத் துறவியாக வாழ்ந்த குரு அவர்களைப் பகலில் சந்திக்க இயலாது. இரவின் மறைவில் அவர்களுக்கு அருட்சாதனங்கள் வழங்கப்பட்டன. பின்னர் 1640இல் பண்டாரசாமிகள் என்னும் தனிக் குருமார் பிரிவு தொடங்கப்பட்டு, பல்தசார் த கோஸ்தா முதல் பண்டாரசாமியானார். உயர்சாதியினருக்குச் சன்னியாசி, பிறருக்குப் பண்டாரம் என்று குருத்துவமே இரண்டாகப் பகுக்கப்பட்டது.

அவர் காலத்தில் வேறு வழி இருந்ததா என்று கேட்போர் உண்டு. நாயக்கர் ஆட்சியில் அயலவராகிய ஒருவர் வேறென்ன செய்திருக்க இயலும் என்பது நியாயமான வினாவே. அவர் சுகமாக வாழ்ந்தவரும் அல்லர். 1640இல் மதுரையில் சிறையிலடைக்கப்பட்டார். பார்வை மங்கிய முதுமையில் மதுரையினின்று அனுப்பப்பட்டு, யாழ்ப்பாணத்தில் சில காலம் இருந்து, மயிலாப்பூரில் எளிய குடிசையில் வாழ்ந்து 1656இல் மறைந்தார். அந்த ஈகத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும், குலப்பெருமையை எள்ளிய துறவியர் மரபும் இதே தமிழ் மண்ணில் இருந்தது. காவியைத் தேர்ந்தெடுத்தவர் அந்த மரபைத் தேர்ந்தெடுக்கவில்லை.

அவருக்குப் பின் அவ்வழக்கு ஓயவில்லை. நோயுற்ற பறையர்களின் வீடுகளுக்குள் குருக்கள் சென்று அருட்சாதனம் வழங்க வேண்டும் என்று கர்தினால் தூர்நோன் 1704இல் புதுச்சேரியில் ஆணையிட நேர்ந்தது. 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் தந்த தீர்வோ, அம்மக்களுக்கென்றே தனிக் குருக்களை ஒதுக்குவதாக அமைந்தது. அமெரிக்க மதுரை மிஷன் 1847இல் தன் ஊழியர்கள் சாதியைக் கைவிட வேண்டும் என்று நிபந்தனை விதித்தபோது பலர் வெளியேறினர். வடக்கன்குளத்தில் கோவிலுக்குள் எழுந்த சாதிச் சுவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது. தம் தனியிடத்தை மீட்டுத்தருமாறு அவ்வூர் உயர்சாதிக் கிறித்தவர்கள் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. சுவர் வீழ்ந்தது, தனிக் கல்லறைகள் பல ஊர்களில் இன்னும் நிற்கின்றன.

இந்தியக் குடியரசு இச்சிக்கலை வேறொரு திசையிலிருந்து அணுகியது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்து சமயத்தவர்க்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் வெளியே நிறுத்தப்பட்டனர். சூசை என்னும் செருப்புத் தைக்கும் தொழிலாளியின் வழக்கில் 1985இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், மதம் மாறிய பின்னும் சாதியின் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று கருதியது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மதத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மீண்டும் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது.

இங்கேதான் நோபிலியின் வாதம் திரும்பி வந்து நம்மைத் தாக்குகிறது. சாதி சமயம் சார்ந்தது அன்று, ஆகவே கிறித்தவர் அதை வைத்துக்கொள்ளலாம் என்றார் அவர். சாதி இந்து சமயம் சார்ந்தது, ஆகவே கிறித்தவருக்கு அது இருக்க முடியாது என்கிறது 1950 ஆணையின் தருக்கம். முதல் வாதத்தால் தலித் கிறித்தவர் கோவிலின் ஓரத்தில் நிறுத்தப்பட்டார். இரண்டாவதால், வட்டாட்சியர் அலுவலகத்தில் அவருடைய பட்டியல் சாதிச் சான்றிதழ் மறுக்கப்பட்டு, பிற்படுத்தப்பட்டோர் என்ற சான்று கையில் தரப்படுகிறது. அதே தெருவில் வாழும் அவருடைய உடன்பிறந்தார் தாக்கப்பட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணை நிற்கிறது. இவர் தாக்கப்பட்டால் அச்சட்டத்தின் கதவு அடைபடுகிறது. அடித்தவரோ இருவரிடமும் மதம் கேட்டு அடிப்பதில்லை.

ஆகவே, நோபிலியின் வாழ்க்கையை மாணவர்கள் வழிபாட்டுணர்வோடும் வாசிக்க வேண்டாம், வெறுப்போடும் வாசிக்க வேண்டாம். ஒரு வழக்கின் கட்டாக வாசியுங்கள். திருச்சபையிடம் நாம் கேட்பது புதிய ஆணை எதனையும் அன்று. 1623ஆம் ஆண்டு ஆணையின் நிறைவேற்றப்படாத பகுதியைத்தான். அரசிடம் கேட்பது, சாதி எந்தக் கோவிலுக்குச் செல்கிறது என்று பார்ப்பதை விடுத்து, அது யார் முதுகில் ஏறியிருக்கிறது என்று பார்ப்பதை.